கதிர்வீச்சும் ரப்பர் பாலும்: பாலிமர் உருவாவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் அருமனை, குலசேகரம், திருவட்டார், அந்தப் பக்கம் பாறசாலை, வெள்ளறடை என்று ரப்பர் தோட்டங்கள் மாநில எல்லையைப் பாராமல் தொடர்ந்து கிடக்கின்றன. இப்பகுதியில் வேதியியல் படிக்கும் மாணவர்களில் பலர் ரப்பர் வைத்திருக்கும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். பாலிமர் பாடத்தில் காமா கதிரைக் கொண்டும் பாலிமர் ஆக்கலாம் என்ற வரி வந்ததும் அவர்கள் கேட்கும் கேள்விகளும், வீட்டுப் பெரியவர்கள் அவர்களிடம் கேட்டு அனுப்பும் கேள்விகளும் கீழே விடைகளுடன் தரப்பட்டுள்ளன. கதிர் செய்வது தொடக்கம் மட்டுமே. சங்கிலி எவ்வளவு நீளும், எப்போது முடியும், வலையாகப் பின்னுமா அல்லது அறுந்து சிதறுமா என்பதைத் தீர்மானிப்பவை டோஸ் வீதம், ஆக்சிஜன், வெப்பநிலை, உடன் சேர்க்கும் பொருள்கள் ஆகியவையே. ஆகவே பெரும்பாலான விடைகள் இந்தக் கட்டுப்பாட்டைப் பற்றியே பேசுகின்றன.

காமா கதிர் பட்டதும் ஒரு திரவம் பாலிமராக மாறத் தொடங்குவது எப்படி?

காமா கதிருக்கு மூலமாகப் பயன்படும் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளின் அணு ஒவ்வொன்றும் சிதையும்போது 11.7 லட்சம், 13.3 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமா ஃபோட்டான்களை (கதிரின் ஆற்றல் பொட்டலங்களை) வெளியிடுகிறது. ஒரு கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 3.6 எலக்ட்ரான் வோல்ட் போதும் என்பதை இதனுடன் வைத்துப் பார்த்தால், ஒரு ஃபோட்டானிடம் எவ்வளவு ஆற்றல் உபரியாக இருக்கிறது என்பது புரியும். ஆனால் அந்த ஃபோட்டான் பிணைப்புகளைத் தானே ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு போவதில்லை. அது ஏதோ ஓர் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை வேகமாக வெளியே தள்ளுகிறது. அந்த எலக்ட்ரான் தன் வழியில் உள்ள ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளிலிருந்து மேலும் எலக்ட்ரான்களைப் பிடுங்கியும், சில மூலக்கூறுகளைக் கிளர்ச்சி நிலைக்கு உயர்த்தியும் செல்கிறது. எஞ்சும் அயனிகளும் கிளர்ந்த மூலக்கூறுகளும் மிகக் குறுகிய நேரத்தில் உடைந்து, இணையற்ற எலக்ட்ரானைக் கொண்ட தனி உறுப்புகளாகின்றன.

மோனோமரில், அதாவது பாலிமர் சங்கிலியாகக் கோர்க்கப்படும் சிறு மூலக்கூறில், கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பு இருந்தால், தனி உறுப்பு அதன் ஒரு முனையில் ஒட்டிக்கொள்கிறது, இணையற்ற எலக்ட்ரான் மறுமுனைக்கு நகர்கிறது. அந்த முனை அடுத்த மோனோமரைப் பிடிக்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான மோனோமர்கள் ஒரே தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சேர்கின்றன. இந்தச் சங்கிலி வளர்ச்சிக்கு மேற்கொண்டு கதிர் தேவையில்லை.

பெராக்சைடு போன்ற வழக்கமான தொடக்கிகள் இருக்கும்போது கதிர் எதற்கு?

பெராக்சைடு உடைவதற்குச் சூடு வேண்டும். காமா கதிர் தனி உறுப்புகளை உண்டாக்கும் வேகமோ வெப்பநிலையைச் சார்ந்ததாக இல்லை. அதனால் அறை வெப்பநிலையிலும், பனிக்கட்டியின் குளிரிலும், திண்மமாக உறைந்த மோனோமரிலும்கூட வினையைத் தொடங்க முடிகிறது. தொடக்கியின் எச்சம் பொருளில் தங்குவதில்லை என்பது மருத்துவப் பயன்பாட்டுக்குப் பெரிய நன்மை.

இதிலிருந்து வரும் ஒரு விளைவைப் பலர் கவனிப்பதில்லை. பெராக்சைடு கொண்டு செய்யும்போது வெப்பநிலையை உயர்த்தினால் தொடக்கங்கள் பெருகி, பாலிமர் சங்கிலிகள் குட்டையாகிவிடும். கதிர் கொண்டு செய்யும்போது வெப்பநிலையை உயர்த்தினால் தொடக்கங்களின் எண்ணிக்கை அப்படியே இருக்க, வளர்ச்சி மட்டும் விரைவுபடுவதால், பொதுவாகச் சங்கிலிகள் நீளும். ஒரே மோனோமர், ஒரே வெப்பநிலை உயர்வு, ஆனால் எதிரெதிர் விளைவு. இரண்டு முறைகளின் வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

டோஸ், டோஸ் வீதம் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்த இயலில் மாணவர்கள் அதிகமாகக் குழம்பும் இடம் இதுவாகையால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உட்கொண்டால் அது ஒரு கிரே டோஸ். ஆயிரம் கிரே ஒரு கிலோகிரே. 10 கிலோகிரே என்பது மனித உடலுக்கு உறுதியாக உயிர்க்கொல்லி அளவு. ஆயினும் அதே அளவு ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினாலும் தண்ணீரின் வெப்பநிலை சுமார் 2.4 டிகிரி செல்சியஸ்தான் உயரும். கதிரின் வலிமை மொத்த ஆற்றலில் இல்லை, அந்த ஆற்றல் மூலக்கூறுகளின் மட்டத்தில் சிறுசிறு இடங்களில் செறிவாக இறங்குவதில்தான் இருக்கிறது. பாலிமர் ஆகும் கலம் சூடாவதற்கும் கதிர் காரணமன்று, வினைதான் காரணம். மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற மோனோமர் முழுவதும் பாலிமரானால் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 560 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். 10 கிலோகிரே தருவது வெறும் 10 கிலோஜூல். குளிரூட்டலைத் திட்டமிடுபவர் முதலில் போட வேண்டிய கணக்கு இது.

டோஸ் வீதம் என்பது அந்த ஆற்றல் எவ்வளவு விரைவாக வந்து சேர்கிறது என்பது. தனி உறுப்புகள் பிறக்கும் வேகம் டோஸ் வீதத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆனால் ஒரு சங்கிலி முடிவதற்குப் பெரும்பாலும் வளரும் இரண்டு முனைகள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். முனைகள் பெருகினால் சந்திப்புகள் அதைவிட வேகமாகப் பெருகும். அதனால் பாலிமராகும் வேகம் டோஸ் வீதத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மட்டுமே உயர்கிறது, சங்கிலியின் நீளமோ அதே வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகக் குறைகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மாதிரிக்கு மணிக்கு 4 கிலோகிரே வீதம் ஒரு மணி நேரமும், இன்னொன்றுக்கு மணிக்கு 1 கிலோகிரே வீதம் நான்கு மணி நேரமும் கதிர் கொடுப்பதாகக் கொள்வோம். இரண்டுக்கும் மொத்த டோஸ் 4 கிலோகிரேதான். ஆனால் இரண்டாவதில் வினையின் வேகம் பாதியாக இருந்தாலும் நேரம் நான்கு மடங்கு என்பதால், மோனோமர் பெரிதும் தீர்ந்துவிடாத தொடக்கக் கட்டத்தில், முதலாவதைப்போல் இரு மடங்கு பாலிமர் கிடைக்கும். சங்கிலிகளும் இரு மடங்கு நீளமாக இருக்கும். கதிர்மூலத்துக்கு அருகில் வைக்கிறோமா, தள்ளி வைக்கிறோமா என்ற ஒரு முடிவே பாலிமரின் தன்மையை மாற்றிவிடுகிறது.

சங்கிலி நீளத்தை இன்னும் நெருக்கமாகக் கட்டுப்படுத்த விரும்புவோர் 1998இல் ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் அறிவித்த ராஃப்ட் முறையைக் கதிருடன் இணைக்கிறார்கள். கந்தகம் கொண்ட ஒரு சேர்மம் வளரும் முனையைப் பிடித்து வைத்து, பிறகு விடுவித்து, எல்லாச் சங்கிலிகளும் ஏறக்குறைய ஒரே சீராக நீளும்படி செய்கிறது. அங்கும் தொடக்கத்துக்கான தனி உறுப்புகளைக் காமா கதிரால் தர முடிகிறது.

கதிரை நிறுத்தியதும் வினை நின்றுவிடுமா?

மெல்லிய திரவத்தில் ஏறக்குறைய உடனே நிற்கும், ஏனெனில் முனைகள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துவிடுகின்றன. திரவம் கெட்டியாகத் தொடங்கினால் நீண்ட சங்கிலிகளின் முனைகளால் எளிதில் நகர முடியாது, சிறிய மோனோமர்கள் மட்டும் நகர்ந்து வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். அப்போது வினை திடீரென்று வேகமெடுக்கும். கதிரை நிறுத்திய பின்னும் தொடரும்.

திண்மப் பாலிமரில் தனி உறுப்புகள் சிறைப்பட்டு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட இருக்கலாம். செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணம் மிக உயர் மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீனால் செய்யப்படுகிறது. அதைக் காற்றில் வைத்துக் காமா கதிரால் நுண்ணுயிர் நீக்கியபோது, சிறைப்பட்ட தனி உறுப்புகள் மெல்ல ஆக்சிஜனுடன் சேர்ந்து கிண்ணத்தை நொய்மையாக்கின. 1990களின் பிற்பகுதியில் கூடுதல் டோஸ் கொடுத்து, சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கி, பின்னர் உருக்கி அந்தத் தனி உறுப்புகளைத் தீர்த்துவிடும் முறை வந்தது. தேய்மானமும் அதனால் வெகுவாகக் குறைந்தது.

ஆக்சிஜன் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது?

ஆக்சிஜன் மூலக்கூறிலேயே இணையற்ற எலக்ட்ரான்கள் உள்ளன. வளரும் முனையை மோனோமர் நெருங்குவதற்குள் ஆக்சிஜன் பிடித்துக்கொண்டு, மந்தமான பெராக்சி தனி உறுப்பாக மாற்றிவிடுகிறது. எனவே காற்று கரைந்திருக்கும் திரவத்தில் கதிர் கொடுத்தால் முதலில் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும் ஒரு காலம் இருக்கும். காற்றுடன் சமநிலையில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். மூடிய கலத்தில் அதைத் தீர்க்கவே ஒரு கிலோகிரேக்குச் சற்றுக் குறைவான டோஸ் செலவாகிறது. நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனை முன்பே வெளியேற்றினால் இந்தச் செலவு மிச்சம். திறந்த கலமாக இருந்தால் மேற்பரப்பு வழியே ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருக்கும். மெல்லிய படலங்கள் மேலே பிசுபிசுப்பாகவே நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

வினை எப்போதும் தனி உறுப்பின் வழியாகத்தான் நடக்குமா?

பெரும்பாலும் ஆம். ஆனால் கதிர் அயனிகளையும் உண்டாக்குவதால், சூழல் இடம் கொடுத்தால் அவையும் சங்கிலியை வளர்க்கும். ஐசோபியூட்டிலீன் தனி உறுப்பு வழியில் நன்றாகப் பாலிமராகாத பொருள். அது மைனஸ் 78 டிகிரியில் காமா கதிரால் பாலிமராகிறது, நேர்மின் அயனி வழியாக. அணுவளவு ஈரமும் இல்லாமல் உலர்த்திய ஸ்டைரீனும் அவ்வாறே மிக வேகமாகப் பாலிமராகிறது. நீர்மூலக்கூறு அயனிச் சங்கிலியை உடனே முடித்துவிடுவதால், சாதாரண ஆய்வகக் கலங்களில் இந்த வழி புலப்படுவதே இல்லை.

ரப்பர் பால் மரத்திலேயே பாலிமராகத்தான் வருகிறது. அதில் கதிர் செய்ய என்ன இருக்கிறது?

வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வரும் கேள்விகளில் மிகச் சரியான கேள்வி இது. சிரட்டையில் சொட்டும் பாலில் இருப்பது ஐசோப்ரீன் அலகுகள் கோர்த்த, மிக நீண்ட, ஆனால் ஒன்றோடொன்று கட்டப்படாத சங்கிலிகள். ஃபார்மிக் ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட் அடித்து, புகை போட்ட பிறகும் அவை கட்டப்படாமலேயே இருக்கின்றன. அதனால்தான் ஷீட்டை டொலுயீனில் இட்டால் பெரும்பகுதி கரைந்து கூழாகிறது. டயராகவோ கையுறையாகவோ ஆக வேண்டுமானால் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் வேண்டும். அதை வழக்கமாகக் கந்தகமும் சூடும் சேர்ந்து செய்கின்றன. கதிர் கந்தகம் இல்லாமல் அதைச் செய்கிறது. அருகருகே உள்ள இரண்டு சங்கிலிகளில் ஹைட்ரஜன் இழந்த இடங்கள் சந்தித்தால் நேரடியான கார்பன்-கார்பன் பிணைப்பு உருவாகிறது.

பாலிஎத்திலீனில் இது நடப்பதை ஆர்தர் சார்லஸ்பி 1952இல் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு உலையில் வைத்த மாதிரிகளைக் கொண்டு காட்டினார். இன்று சூடாக்கினால் சுருங்கி இறுக்கும் கேபிள் உறைகள் அந்த அறிவின் நேரடி விளைவு.

ஒரு சங்கிலியின் மூலக்கூறு எடை 10 லட்சம் என்றால் அதில் சுமார் 15,000 ஐசோப்ரீன் அலகுகள் இருக்கும். சராசரியாக அவற்றில் ஒன்றே ஒன்று மற்றொரு சங்கிலியுடன் கட்டப்பட்டாலே முடிவற்ற வலை தோன்றத் தொடங்கிவிடும். அதற்குச் சில கிலோகிரே போதும். ஆனால் பயனுள்ள வலு வருவதற்கு அதைப்போல் பல மடங்கு பிணைப்புகள் வேண்டும்.

எல்லாப் பாலிமரும் இப்படிக் கட்டுப்படுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பியூட்டைல் ரப்பர், டெஃப்லான், மெத்தில் மெத்தாக்ரிலேட்டின் பாலிமர், பஞ்சிலும் மரத்திலும் உள்ள செல்லுலோஸ் ஆகியவற்றில் அறுபடுதலே மேலோங்கும். அவற்றுக்கு டோஸைக் கூட்டக் கூட்ட வலுவிழப்புதான் மிஞ்சும்.

கதிர் கொண்டு ரப்பர் பாலைப் பதப்படுத்துவது நடைமுறையில் எப்படி நடக்கிறது?

தோட்டத்திலிருந்து வரும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அமோனியா சேர்த்து உறையாமல் காத்து, மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி 60 சதவீதச் செறிவுக்குக் கொண்டுவருவார்கள். இதற்கு அப்படியே கதிர் கொடுத்தால் 200 முதல் 300 கிலோகிரே வரை தேவைப்படும். அது செலவுக்குக் கட்டுப்படியாகாது. இங்கே உடன்சேர் பொருளின் பங்கு வருகிறது. தொடக்கத்தில் கார்பன் டெட்ராகுளோரைடைப் பயன்படுத்தினார்கள். அதன் நச்சுத்தன்மையால் அது கைவிடப்பட்டு, நார்மல் பியூட்டைல் அக்ரிலேட் இடம்பெற்றது. நூறு பங்கு ரப்பருக்கு ஐந்து பங்கு அளவில் இதைச் சேர்த்தால் தேவையான டோஸ் 15 கிலோகிரே அளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்த மோனோமர் ரப்பர் துகளுக்குள் புகுந்து, தனி உறுப்புகளைப் பிடித்து, தானும் விரைவாகப் பாலிமராகி, சங்கிலிகளை இணைக்கும் வாய்ப்பைப் பெருக்குகிறது. ஆனால் இதைச் சேர்த்ததும் பால் திரிந்துபோகக்கூடும் என்பதால், முன்பே சிறிதளவு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து நிலைப்படுத்துகிறார்கள்.

இதற்கான முன்னோடி ஆலை ஒன்று கோட்டயத்தில் ரப்பர் வாரியத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் அமைக்கப்பட்டது. இப்படிப் பெறும் பாலில் அச்சுகளை முக்கி எடுத்து உலர்த்தினாலே கையுறை ஆகிவிடும். மீண்டும் சூட்டில் வைத்துக் கந்தக வினை நடத்த வேண்டியதில்லை. கந்தக முறையில் சேர்க்கும் சில விரைவூக்கிகளிலிருந்து நைட்ரோசமைன் என்ற புற்றுநோய் விளைவிக்கும் வகைச் சேர்மங்கள் தோன்றலாம். இந்தப் பாலில் அதற்கு இடமில்லை. எரித்தால் கந்தக டைஆக்சைடும் மிகக் குறைவு. குறைகளும் உள்ளன. படலத்தின் வலு கந்தக முறையில் கிடைப்பதைவிடச் சற்றுக் குறைந்தே இருக்கிறது, வினையில் சேராமல் எஞ்சும் அக்ரிலேட்டின் வாடை எளிதில் போவதில்லை. இந்த முறையை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆயினும் இந்தக் குறைகளை மறைத்து அதை விவசாயிகளிடம் எடுத்துச் செல்வது சரியாகாது.

கதிர் பட்ட கையுறையில் கதிரியக்கம் ஒட்டிக்கொண்டிருக்குமா?

இருக்காது. ஒரு பொருள் கதிரியக்கமாக மாற அதன் அணுக்கருவே மாற வேண்டும். கோபால்ட்-60 தரும் காமாவுக்கு ரப்பரில் உள்ள கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கருக்களை மாற்றும் ஆற்றல் இல்லை. பாலும் கோபால்ட்டும் ஒன்றையொன்று தொடுவதும் இல்லை; கோபால்ட் எஃகுக் குழல்களுக்குள் முத்திரையிட்டு அடைக்கப்பட்டிருக்கும்.

மணவாளக்குறிச்சி மணலிலும் கதிர்வீச்சு இருக்கிறதே, பாலை அந்த மணலில் புதைத்து வைத்தால் போதாதா?

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கொண்ட மோனசைட் கனிமம் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு கண்டறிந்தார். அந்த மணலிலிருந்து வரும் காமா கதிரும் கோபால்ட்டின் காமா கதிரும் வேதியியல் முறையில் ஒரே வேலையைத்தான் செய்யும். வேறுபாடு அளவில் மட்டுமே. கணக்குக்காக ஆண்டுக்கு 10 மில்லிகிரே என்று எடுத்துக்கொண்டால், 10 கிலோகிரே சேர்வதற்குப் பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். அவ்வளவு மெதுவாகப் பிறக்கும் தனி உறுப்புகளைக் காற்றின் ஆக்சிஜன் ஒன்று விடாமல் விழுங்கிவிடும்.

ஒட்டுப் பாலிமராக்கலிலும் கதிர் பயன்படுகிறதாமே?

பயன்படுகிறது. ஏற்கெனவே உள்ள ஒரு பாலிமரின் மேல் வேறொரு பாலிமரைக் கிளைகளாக வளர்ப்பதே ஒட்டுப் பாலிமராக்கல். பாலிஎத்திலீன் படலத்தின் மேல் அக்ரிலிக் அமிலக் கிளைகளை வளர்த்து மின்கலங்களின் பிரிப்பான்களாக்குகிறார்கள். ஜப்பானின் தகாசாகி ஆய்வு நிலையத்தில் இதே முறையில் கடல்நீரிலிருந்து யுரேனியத்தைப் பிடிக்கும் துணிகளைச் செய்தார்கள். இதில் உள்ள சிக்கல், மோனோமர் படலத்தில் ஒட்டாமல் தண்ணீரிலேயே தனியாகப் பாலிமராகி வீணாவது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் பர்மாங்கனேட்டுடன் தரம்பார்க்கும் மோர் உப்பே இதற்கு மருந்து. அதன் இரும்பு அயனிகள் தண்ணீரில் உள்ள தனி உறுப்புகளை அழித்துவிடுகின்றன. படலத்துக்குள் அந்த அயனிகளால் எளிதில் நுழைய முடியாது என்பதால் அங்கே ஒட்டு வளர்ச்சி தடையின்றி நடக்கிறது.

எலக்ட்ரான் கற்றை, புறஊதா ஒளி ஆகியவை எப்படி வேறுபடுகின்றன?

எலக்ட்ரான் கற்றை காமா போலவே செயல்படும். ஆனால் டோஸ் வீதம் மிக அதிகம், ஊடுருவும் ஆழம் குறைவு. ஒரு கோடி எலக்ட்ரான் வோல்ட் கற்றைகூடத் தண்ணீரில் சில சென்டிமீட்டர் ஆழமே செல்லும். கேபிள், படலம் போன்ற மெல்லிய பொருள்களுக்கு அது பொருந்தும். புறஊதா ஒளியின் ஃபோட்டானுக்குச் சில எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலே இருப்பதால், அதை உறிஞ்சி உடையும் தனியான ஒளித்தொடக்கி கலவையில் இருந்தாக வேண்டும். பல் மருத்துவர் நீல ஒளியைக் காட்டிப் பல் அடைப்பைக் கெட்டியாக்குவதும் இந்த வகைதான்.

விவசாயிகள் சேர்ந்து இப்படி ஓர் ஆலையை நடத்த முடியுமா?

சிறிய அளவில் முடியாது. கதிர்மூலத்தைப் பயன்படுத்தாத நேரத்தில் ஆழமான நீர்த்தொட்டிக்குள் இறக்கி வைக்க வேண்டும், சுற்றிலும் தடித்த கான்கிரீட் சுவர் வேண்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள், ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம் வலு குறைந்துகொண்டே போகும். மரம் இலை உதிர்க்கும் மாதங்களிலும், விடாமழையில் பால்வெட்டு நிற்கும் நாள்களிலும் மூலம் வீணே கரையும். மருத்துவப் பொருள்களின் நுண்ணுயிர் நீக்கத்துக்கும் அதே ஆலையைப் பயன்படுத்தினால்தான் கணக்கு ஈடாகும்.

கதிர் கொடுத்த பாலில் குறுக்குப் பிணைப்பு வந்ததா என்று கல்லூரி ஆய்வகத்திலேயே பார்க்க முடியுமா?

முடியும். பாலையும் குளோரோஃபார்மையும் சம அளவில் எடுத்து, காற்றோட்டப் பெட்டிக்குள் வைத்துக் கண்ணாடிக் கோலால் கலக்க வேண்டும். சற்று நேரத்தில் பால் திரளும். திரண்டது இழுத்தால் நூல் நூலாக நீண்டு, கையுறையில் ஒட்டினால் பிணைப்பு இன்னும் ஏற்படவில்லை. இழுத்ததும் நீளாமல் சட்டென்று அறுந்தால் தொடக்கநிலை. ஒட்டாத சிறு கட்டிகளாகப் பிரிந்தால் போதிய அளவு வந்துவிட்டது. உலர்ந்த பொடித்துகள்களாக உதிர்ந்தால் தேவைக்கு மேல் போய்விட்டது, அந்தப் பாலில் நல்ல படலம் எடுக்க முடியாது.

எண்ணாகத் தெரிய வேண்டுமானால், உலர்ந்த படலத் துண்டு ஒன்றை எடை பார்த்து, டொலுயீனில் இரண்டு நாள் ஊறவிட்டு, மேலே ஒட்டிய திரவத்தை ஒற்றியெடுத்து உடனே எடை பார்க்க வேண்டும். பின்னர் நன்றாக உலர்த்தி மூன்றாவது முறையும் எடை பார்க்க வேண்டும். முதல் எடைக்கும் மூன்றாவது எடைக்கும் உள்ள வேறுபாடு, வலையில் சேராமல் கரைந்துபோன சங்கிலிகளின் அளவு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு, வலை குடித்த டொலுயீனின் அளவு. அது குறையக் குறையப் பிணைப்புகள் நெருக்கமாக உள்ளன என்று பொருள். ஒரே பாலில் வெவ்வேறு டோஸ் பெற்ற நான்கைந்து மாதிரிகள் கிடைத்தால் இந்த இரண்டு அளவுகளையும் டோஸுக்கு எதிராக வரைபடமாக்கிப் பார்க்கலாம்.